முதல் காய்கறித் தோட்டம்: நேரமில்லாதவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 1500 சதுர அடி நிலம் வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. முழங்கால் உயரத்துக்குக் களை. வேலைக்குப் போகிறேன், வாரத்தில் இரண்டு நாள்தான் வர முடியும். எங்கிருந்து ஆரம்பிப்பது அக்கா?

முழு நிலத்தையும் சுத்தம் செய்யக் கிளம்பாதீர்கள். நிறையப் பேர் முதல் மாதத்திலேயே சோர்ந்துபோவது இதனால்தான். தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு மூலையைப் பிடித்து, 4 அடி அகலம், 10 அடி நீளத்தில் இரண்டே பாத்தி போடுங்கள். 4 அடி என்றால் இரண்டு பக்கமிருந்தும் கை நடுவரை எட்டும், பாத்திக்குள் கால் வைக்கவே வேண்டாம். மிதிபடாத மண் இறுகாது.

மீதி இடத்தில் களையை அடியோடு அறுத்துப் போட்டு, மேலே தடித்த கறுப்பு ஷீட்டோ அட்டைப்பெட்டி அட்டையோ விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் சாதாரணக் களைகள் இரண்டு மூன்று மாதத்தில் மடிந்துவிடும். கோரை மட்டும் லேசில் அடங்காது, பிளாஸ்டிக்கையே குத்திக்கொண்டு வரும்.

கேள்வி: ரொட்டேவேட்டர் விட்டு ஒரே நாளில் உழுதுவிட்டால் என்ன?

அறுகும் கோரையும் இருந்தால் வேண்டவே வேண்டாம். என் முதல் நிலத்தில் நான் செய்த தவறு இது. உழுத அன்று மண் மாவு மாதிரி அழகாக இருந்தது. மூன்றாவது வாரம் எங்கு பார்த்தாலும் பச்சை ஊசிகள். ஒன்றைப் பிடுங்கினேன், இலை மட்டும் கையோடு வந்தது. களைக்கொத்தால் அரை அடி தோண்டிய பிறகுதான் கோரையின் கிழங்கு தெரிந்தது, கொண்டைக்கடலை அளவில், கறுப்பாக. அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் ஓடி அடுத்த கிழங்கில் முடிந்தது. அறுகின் தண்டை இயந்திரம் எத்தனை துண்டாக்குகிறதோ, அவற்றில் கணு உள்ளதெல்லாம் தனிச் செடியாகும். இரண்டு பாத்திக்கு முள் மண்வெட்டியும் பொறுமையும் போதும்.

கேள்வி: வாரம் இருமுறை மட்டும் போகிறவர் என்னென்ன போடலாம்?

உங்களுக்காகக் காத்திருக்கும் காய்களைப் போடுங்கள். எல்லாரும் முதலில் வெண்டைதான் போடுகிறார்கள். சுலபமாக வளரும், உண்மைதான். ஆனால் காய்க்க ஆரம்பித்தால் ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நான்கு நாள் விட்டால் நாராகிவிடும். வெள்ளரியும் பீன்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான், முற்றிய காய் செடியிலேயே நின்றால் புதுப் பூ குறைந்துவிடும்.

மிளகாய், பீட்ரூட், சர்க்கரைவள்ளி, பூசணி எல்லாம் ஒரு வாரம் தாமதமானாலும் கெடாது. பூசணிக்கு இன்னொரு குணம் உண்டு: கொடி படர்ந்து மண்ணை மூடுவதால் களை அடங்கும். கூடவே ஒரு வரிசை முள்ளங்கி போடுங்கள். ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும், முதல் அறுவடை சீக்கிரம் கிடைப்பது பெரிய தெம்பு.

கேள்வி: விதையா, நாற்றா?

தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்று வாங்கிவிடுங்கள், ஒரு மாத வேலை மிச்சம். முள்ளங்கி, கேரட்டை நேரடியாக விதைக்க வேண்டும். பிடுங்கி நட்டால் கிழங்கு கோணும், கிளைக்கும்.

கேள்வி: தினமும் தண்ணீர் ஊற்ற ஆளில்லையே?

நாற்று வேர் பிடிக்கும் முதல் பத்து நாள் மட்டும் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வரும்போதெல்லாம் நின்று நிதானமாக, வேர்வரை இறங்கும்படி ஊற்றுங்கள். தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். செடியைச் சுற்றி 3 அங்குலத்துக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்குப் போடுங்கள், தண்டில் ஒட்டாமல். மூடாக்கை விலக்கி விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். கடும் வெயில் காலத்தில் இது போதாது, சொட்டுநீர்க் குழாயும் டைமரும் வைப்பது நல்லது.

கேள்வி: பச்சைச் சாணம் அப்படியே போடலாமா?

கூடாது. வேர் கருகும், நோய்க்கிருமியும் இருக்கும். நன்றாக மட்கிய பிறகே போடுங்கள்.

கேள்வி: மூன்று வாரம் போக முடியவில்லை. பாத்தி முழுக்கக் களை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள், இது எல்லாருக்கும் நடப்பதுதான். போனதும் பூத்த களைகளை மட்டும் முதலில் பிடுங்கி வெளியே போடுங்கள், விதை உதிர்ந்தால் வருடக்கணக்கில் முளைக்கும். அப்புறம் ஒரு பாத்தியை மட்டும் சரி செய்யுங்கள். இன்னொன்றில் ஒன்றும் தேறாது என்றால் அட்டை போட்டு மூடிவிட்டு வாருங்கள், அடுத்த பருவத்தில் திறக்கலாம்.