மனிதர், விலங்கு, சூழல் சுகாதாரத்தைச் சேர்த்துப் படிக்க மாணவர்கள் வெளிநாடு போகத்தான் வேண்டுமா?
போனால் நல்லது, சும்மா சுற்றிப்பார்த்துவிட்டு வருவதென்றால் காசுக்குத்தான் கேடு. திருகோணமலைக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் குழு வந்தால் நான் முதலில் கந்தளாய் வயலுக்குத்தான் கூட்டிப்போவேன்: எலியும் மாடும் கழிக்கும் சிறுநீர் தண்ணீரில் கலந்து, வெறுங்காலோடு சேற்றில் நிற்பவரின் பாதவெடிப்பு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும், அதைத் தடுக்க டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பது பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), மாட்டைப் பார்ப்பது மிருகவைத்தியர், வாய்க்கால் இன்னொரு திணைக்களம். மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

நம் பிள்ளைகள் போவதென்றால் மலேசியா. 1998-99இல் பன்றிப் பண்ணையை ஒட்டி நின்ற பழமரங்களுக்கு வௌவால் வந்துதான் நிபா வைரஸ் பன்றிக்கும், பிறகு மனிதருக்கும் தொற்றியது. மலேசிய அதிகாரிகளோ முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து நுளம்புக்குப் புகையடித்தார்கள்! அப்புறம், நல்ல மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் போகாதீர்கள்.