பேஸ்பால் கேள்வி பதில்: ரிவேராவுக்கு அடுத்து யார்?

கதிர்: குளோசர் என்றால் நம்ம டெத் ஓவர் பௌலர் மாதிரியா? சேவ் என்று எதை எண்ணுகிறார்கள்?

கிட்டத்தட்ட. ஆனால் பேஸ்பாலில் வெளியே எடுத்த பிட்சர் (பந்து வீசுபவர்) அதே ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. அதனால் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு (மூன்று அவுட் விழுந்தால் ஒரு அணியின் இன்னிங்ஸ் முடியும்) என்றே ஒருவரைக் காக்க வைப்பார்கள். அணி அதிகபட்சம் மூன்று ரன் முன்னிலையில் இருக்கும்போது வந்து, ஒரு இன்னிங்ஸ் வீசி, முன்னிலையை விடாமல் முடித்தால் ஒரு சேவ். வேறு விதங்களும் உண்டு, வழக்கமானது இதுதான். 1969-ல்தான் இது அதிகாரப்பூர்வக் கணக்கில் சேர்ந்தது.

ஃபரீதா: நியூயார்க் யாங்கீஸ் குளோசர் மரியானோ ரிவேராவிடம் இருந்தது ஒரே ஒரு பந்து. அதற்கா இவ்வளவு கொண்டாட்டம்?

அந்த ஒரு பந்துக்குத்தான்! அவருடைய கட்டர் நேராக வருவது போல வந்து, கடைசி நொடியில் இடது கை பேட்டரின் உடம்புப் பக்கம் திரும்பும். பந்து மட்டையின் பிடிக்குப் பக்கத்தில் பட்டு, மட்டையே உடையும். 2013-ல் அவர் ஓய்வு பெறும்போது மின்னசோட்டா அணி கொடுத்த பரிசு, உடைந்த மட்டைகளால் செய்த ஆடும் நாற்காலி. வழக்கமான சீசன்களில் 652 சேவ். பிளேஆஃபில் 141 இன்னிங்ஸ் வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 0.70 ரன். 2019-ல் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் 425-க்கு 425. அதற்கு முன் யாருக்கும் முழு வாக்கும் விழுந்ததில்லை.

சரவணன்: 2001 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் கோட்டை விட்டாரே அண்ணே?

விட்டார். 2004-ல் பாஸ்டனிடமும் விட்டார். ஆனால் 2003-ல் அதே பாஸ்டனுக்கு எதிராக, லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 9 முதல் 11 வரை மூன்று இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசியதையும் சேர்த்துப் பாருங்கள்.

மீனா: அப்போ இரண்டாம் இடம் 601 சேவ் எடுத்த ஹாஃப்மனுக்கா?

எனக்கு இல்லை. ஹாஃப்மனின் சேஞ்சப் (வேகப்பந்து போல வந்து ஏமாற்றும் மெதுவான பந்து) அருமைதான். ஆனால் ஒரு இன்னிங்ஸ் வேலையாகவே சேர்ந்த எண்ணிக்கையை வைத்துப் பழைய ஆட்களை அளப்பது நியாயமில்லை. என் ஓட்டு கூஸ் கோஸேஜுக்கு. அவருக்கு 310 சேவ்தான். 1978-ல் யாங்கீஸுக்காக, பாஸ்டனுக்கு எதிராக பாஸ்டனில் ஆடிய அந்த ஒற்றை டைபிரேக்கர் ஆட்டத்தைப் பாருங்கள். ஏழாவது இன்னிங்ஸிலேயே வந்தார். நடுவில் இரண்டு ரன் கொடுத்தார். 5-4 என்ற நிலையில், சமன் செய்யும் ரன் மூன்றாவது பேஸில் (ரன்னுக்கு ஒரு படி முன்) நிற்க, யஸ்ட்ரெம்ஸ்கியை பாப்-அப்பில் (உயரமாக எழும்பிய எளிய கேட்ச்) வீழ்த்தி, மொத்தம் எட்டு அவுட்டோடு முடித்தார். இன்றைய குளோசரிடம் எட்டு அவுட் கேட்டால் ஏஜென்ட் போன் போடுவார்.

எக்கர்ஸ்லிதான் என்று சண்டைக்கு வருபவர்களோடு நான் அதிகம் மல்லுக்கட்ட மாட்டேன். 1990-ல் 73 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, நான்கே நான்கு வாக் (தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்த மனிதர்.

ரஃபீக்: எரிக் காக்னே?

கிடைத்த சேவ் வாய்ப்பில் ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து 84 சேவ், பிரமாதம். ஆனால் உச்சம் மூன்றே வருடம். அப்புறம் ஊக்கமருந்து பற்றிய 2007 மிட்செல் அறிக்கையில் பெயரும் வந்தது.

தேன்மொழி: அமெரிக்காவுக்கு வெளியே?

ஜப்பானில் ஹிதோகி இவாசே, 407 சேவ். 2007 ஜப்பான் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் சுனிச்சி அணியின் யமாய் எட்டு இன்னிங்ஸ் ஒருவரையும் பேஸில் ஏற விடவில்லை. முன்னிலை 1-0, ஜெயித்தால் பட்டம். மேனேஜர் ஒச்சியாய் அவரை எடுத்துவிட்டு இவாசேயை இறக்கினார். மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் அவுட். செய்தது சரியா என்று அங்கே பெரிய சண்டையே நடந்தது. என்னைக் கேட்டால், யமாயை விட்டிருக்க வேண்டும்.