தேதியை முதலில் குறியுங்கள், மலையை அப்புறம்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அக்கா, நாங்கள் கிளாஸ்கோவில் இருக்கிறோம். போன வருஷம் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் நடுவில் நான்கு முறை மலைக்குப் போகத் திட்டம் போட்டு, மூன்று முறை மழையைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிட்டோம். போனில் வானிலை காலையில் ஒன்று சொல்கிறது, மாலையில் வேறு சொல்கிறது. இந்த ஈஸ்டர் விடுமுறையில் பதினொரு வயது மகனோடு ஒரு மலையாவது ஏறிவிட வேண்டும். எப்படித் திட்டமிடுவது?
- கிளாஸ்கோ வாசகி

பதில்: மலையை முதலில் முடிவு செய்துவிட்டு, வானம் ஒத்துழைக்கக் காத்திருந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்டர்லிங்கில் குடியேறிய முதல் சில வருஷங்கள் நானும் அப்படித்தான் செய்தேன். இப்போதெல்லாம் தேதியை மட்டும் குறித்து வைக்கிறேன். எந்த மலை என்பதை முந்தின நாள் மாலையில்தான் தீர்மானிக்கிறேன்.

இங்கே ஸ்காட்லாந்தில் மழை பெரும்பாலும் மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து வருகிறது. மேற்கு மலைகள் அதை முதலில் வாங்கிக்கொள்கின்றன. மேற்கே இருக்கும் பென் நெவிஸ் மலையின் உச்சியில் வருஷத்துக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை. கிழக்கே எடின்பரோவில் 700 சொச்சம்தான். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் மேற்கே லாக் லோமண்ட் ஏரிப் பக்கம் நனைந்துகொண்டிருக்க, கிழக்கே பிட்லாக்ரி ஊரில் வெயில் அடிக்கலாம். வசந்தத்தில் கிழக்குக் காற்றும் அடிக்கடி வரும். அப்போது எல்லாம் தலைகீழ். குளிர்ந்த வடகடலைத் தாண்டி வரும் காற்று 'ஹார்' என்கிற கடல் மூடுபனியைக் கொண்டுவந்து எடின்பரோவை மூடிவிடும், மேற்கே வானம் நீலமாக இருக்கும். மேற்குக் காற்று என்றால் கிழக்கே போங்கள், கிழக்குக் காற்று என்றால் மேற்கே போங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இது. மேற்கே, லாக் லோமண்ட் கரையில் பால்மஹாவிலிருந்து ஏறும் கோனிக் ஹில், 361 மீட்டர். கிழக்கே, பிட்லாக்ரிக்கு மேலே பென் வ்ராக்கி, 841 மீட்டர். இரண்டும் சரிப்படாது என்றால் டன்கெல்ட் பக்கத்தில் ஹெர்மிடேஜ் என்கிற காடு. ப்ரான் ஆற்றங்கரையில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கு நடுவே நடக்கலாம். நல்ல மழை பெய்தால்தான் அங்கே அருவியே அருவியாக இருக்கும். பிட்லாக்ரி போகிற அதே ஏ9 சாலையில் இருப்பதால், வழியில் வானம் கறுத்தால் அங்கேயே வண்டியை நிறுத்திவிடலாம்.

போனில் வருவது ஊரின் வானிலை. மலைக்கென்றே எம்டபிள்யூஐஎஸ் (Mountain Weather Information Service) என்ற சேவை இருக்கிறது. ஸ்காட்லாந்து மலைகளை ஐந்து பகுதிகளாகப் பிரித்து அறிக்கை தருகிறார்கள். அதில் மழையை விடக் காற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன். உச்சியில் மணிக்கு 30 மைலுக்கு மேல் என்றால் குழந்தையோடு உயரமான மலைக்குப் போக மாட்டேன். அப்புறம் 900 மீட்டர் உயரத்தில் எத்தனை டிகிரி, உச்சிகளில் மேகம் இல்லாமல் இருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்றும் போட்டிருப்பார்கள். இந்த மூன்றையும் பார்த்தால் போதும், முடிவு தானாக வந்துவிடும்.

ஒன்றை மட்டும் எந்த அறிக்கையாலும் மணி சொல்லிக் குறிக்க முடியாது. ஏப்ரல் நடுவில் சூரியன் ஆகஸ்ட் கடைசியில் இருக்கிற உயரத்தில் இருக்கும். வடக்கிலிருந்து வரும் காற்றிலோ ஆர்க்டிக் குளிர் இன்னும் போயிருக்காது. தரை சூடாகி, மேலே குளிராகவே இருந்தால், மதியத்துக்குள் மேகம் குவிந்து ஆலங்கட்டியாகக் கொட்டும். இருபது நிமிஷத்தில் மறுபடி வெயில். ஒரு மலைக்குக் கொட்டும், பக்கத்து மலைக்குக் கொட்டாது.

இதில் நாங்கள் ஒருமுறை மாட்டினோம். ஏப்ரல் கடைசி, பென் வ்ராக்கி. மூலின் கிராமத்தில் வண்டியை விட்டு இறங்கியபோது நல்ல வெயில். கார் சூடாக இருந்ததால் மகள் கையுறையைச் சீட்டிலேயே வைத்துவிட்டாள், நானும் பார்க்கவில்லை. மலைக்கு நடுவே இருக்கும் சின்ன ஏரி வரை வானம்பாடி பாடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து உச்சிக்குச் செங்குத்தான கல்படிகள். பாதிப் படியில் காற்று திரும்பியது, ஆலங்கட்டி பக்கவாட்டில் கன்னத்தில் அடித்தது. அவளுடைய ஜெர்கின் ஜிப்பை இழுத்துவிடச் சொன்னாள்; அவள் விரல்கள் மெழுகு போல வெளுத்து, ஜிப்பின் நுனியைப் பிடிக்க முடியாமல் வழுக்கிக்கொண்டிருந்தன. என் கையுறையை அவளுக்குப் போட்டுவிட்டு அப்படியே திரும்பிவிட்டோம். உச்சி கண்ணுக்கு எதிரே இருந்தது. ஏரிக்கு வந்து சேர்வதற்குள் வெயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆளுக்கு இரண்டு ஜோடிக் கையுறை, கம்பளித் தொப்பி, தண்ணீர் புகாத மேல்கோட்டும் பேண்ட்டும் மே முடியும் வரை பையை விட்டு வெளியே வருவதில்லை. ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது கட்டாயம் வேண்டும். குளிரில் குழந்தைகள் தண்ணீர் குடிக்கவே மாட்டார்கள்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்டிஷ் மலையேறி சொன்னது: 3 மைலுக்கு 1 மணி, அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி. பென் வ்ராக்கிக்கு இதன்படி 3 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். மகனோடு போனால் ஐந்து மணி வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்குள் நடக்கத் தொடங்குங்கள், ஆலங்கட்டி வருவதற்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கிவிடலாம்.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா மே முதல் வாரம் அபர்டீன் வருகிறார்கள். இருவரும் நன்றாக நடப்பார்கள். பென் நெவிஸ் ஏற்றிக் காட்டலாமா?
- அபர்டீன் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. 1,345 மீட்டர். 150 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்று வைத்தால், கீழே 14 இருக்கும் நாளில் மேலே 5. காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே. 1883 முதல் 1904 வரை உச்சியிலேயே ஒரு வானிலை நிலையம் நடத்தி, ஆட்கள் அங்கேயே தங்கி மணிக்கு மணி குறிப்பெடுத்தார்கள். அவர்கள் கணக்கில் வருஷச் சராசரி வெப்பநிலையே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது. மே மாதத்திலும் மேலே பாதையைப் பனி மூடியிருக்கும். அதோடு மேகமும் இறங்கினால் வடக்கே இருக்கும் பெரும்பாறைச் சரிவின் விளிம்பு தெரியாது. வரைபடமும் திசைகாட்டியும் வைத்து நடக்கத் தெரிந்தவர்களுக்கான இடம் அது.

உங்கள் பக்கத்திலேயே டின்னட் அருகே லாக் கினோர்ட் இருக்கிறது. ஏரியைச் சுற்றி பிர்ச் மரங்களுக்குள் ஏற்றமில்லாத பாதை, வடகரையில் பண்டைய ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்ட் மக்களின், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமையான சிலுவைக்கல். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பர்ன் ஓ வாட்: பனியுகத்து உருகுநீர் பாறையைக் குடத்தின் உட்புறம் போலக் குடைந்து வைத்திருக்கிறது. உள்ளே போகும் இடுக்கில் ஓடைக்கல் மேல் கால் வைத்துப் போக வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மே முதல் வாரம் நல்ல தேர்வு, மிட்ஜ் என்கிற கடிக்கும் பூச்சி இன்னும் கிளம்பியிருக்காது.

கேள்வி: மலையில் ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது? பணம் கேட்பார்களா?
- டண்டீ மாணவர்

பதில்: 999 அழைத்து முதலில் போலீஸ் கேளுங்கள், அப்புறம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், ஒரு பைசா கேட்க மாட்டார்கள். அழைப்பு போகாத இடத்தில் சில சமயம் எஸ்எம்எஸ் போகும்; அதற்கு முன்கூட்டியே பதிவு வேண்டும். 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் தட்டி 999-க்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.