கடைசி வாய்ப்புத் தேர்வில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன், போராட வழி உண்டா?

கேள்வி: ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன். ஒரு பாடத்தில் இரண்டு முறை தவறிவிட்டேன். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. வெள்ளிக்கிழமை தேர்வு, காலையிலிருந்தே வாந்தி. சமாளித்துவிடலாம் என்று போய் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திங்கட்கிழமை டாக்டரிடம் சீட்டு வாங்கி அனுப்பினேன். தாமதம் என்று நிராகரித்து, இறுதித் தோல்வி என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அந்த வாரம் ஊரில் அம்மா ஐசியூவில் இருந்தார். அதையும் காரணமாகச் சொல்லலாமா?

பதில்: தம்பி, அம்மா விஷயம் அப்புறம். முதலில் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். யாரிடம், எத்தனை நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும் என்று அங்கேதான் இருக்கும். பொதுவாக ஒரு மாதம். சில இடங்களில் பல்கலைக்கழகத்திடமே 'வீடர்ஷ்ப்ருக்' எனும் ஆட்சேப மனு. சில இடங்களில் நேராக நிர்வாக நீதிமன்றம். உங்களுக்கு மிஞ்சியிருப்பது சில நாள்தான். சாதாரண மின்னஞ்சல் போதாது. கையெழுத்திட்ட கடிதத்தை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். விளக்கம் பின்னால் வரும் என்று இரண்டு வரி எழுதினாலும் கெடு காப்பாற்றப்படும். அந்தப் பத்தியே கடிதத்தில் இல்லையென்றால் கெடு ஒரு வருடமாக நீளும். ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

இனி வழக்கின் உயிர்நாடி. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்பதை அலுவலகம் பெரிதாக மறுக்காது. நீங்கள் 'உடனே' சொன்னீர்களா என்பதில்தான் பிடிப்பார்கள். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு நோயைச் சொல்லும் ஆட்களைத் தடுக்கவே இந்த விதி. அங்கே உங்களுக்கு ஒரு நல்ல துருப்பு இருக்கிறது: வெளியேறும்போது கண்காணிப்பாளரிடம் சொல்லியிருக்கிறீர்கள். தேர்வறைக் குறிப்பேட்டில் அவர் என்ன எழுதினார்? 'உடல்நலக் குறைவு என்றார், 9.45' என்று ஒரு வரி இருந்தால், அறிவித்தது அந்த நிமிடமே ஆகிவிடுகிறது. திங்கட்கிழமை கொடுத்தது வெறும் ஆதாரம். 'விடைத்தாளைக் கொடுத்துவிட்டுச் சென்றார்' என்று மட்டும் இருந்தால் சிக்கல். உங்கள் தேர்வுக் கோப்பைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆட்சேபத்திலேயே அதைக் கேளுங்கள்.

அடுத்து, வெள்ளி மதியமே ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்பார்கள். 116117 என்ற எண்ணில் வார இறுதியிலும் மருத்துவ உதவி கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எழுந்திருக்க முடியாத நிலை என்றால் கூட இருந்தவரிடம் எழுதி வாங்குங்கள். கிளினிக்குக்குப் போன் செய்திருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். 'வேலைக்குப் போக இயலாது' என்ற வழக்கமான சீட்டைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. என்ன அறிகுறி, அது தேர்வெழுதும் திறனை எப்படிப் பாதித்தது என்று டாக்டர் எழுத வேண்டும் என்பார்கள். நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், சந்தேகிக்க ஆதாரம் இல்லாதவரை, தேர்வெழுத இயலாத நிலை என்ற மருத்துவச் சான்றே போதும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் மாநிலம், உங்கள் துறையின் தேர்வு விதி, இரண்டையும் பாருங்கள். திங்கட்கிழமை பார்த்த டாக்டர், வெள்ளிக்கிழமை நிலையைத் தன் பரிசோதனையிலிருந்து ஊகிக்க முடிந்தால் அதை எழுதித் தரட்டும். முடியாததை எழுதச் சொல்லி நச்சரிக்காதீர்கள், பொய்ச் சான்று உங்களையே குற்றவாளியாக்கும்.

அம்மா விஷயம்: நெருங்கிய உறவினரின் கடும் நோயும் விலகக் காரணமாகலாம். ஆனால் தேர்வுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அதைத் தலைப்பாக வைத்தால், முதலில் வாந்தி, இப்போது அம்மாவா என்று இரண்டுமே பலவீனமாகும். உங்கள் பல்கலைக்கழகத்தில் இக்கட்டில் இருப்பவருக்குக் கூடுதல் வாய்ப்பு தரும் விதி இருந்தால் அங்கே தனி விண்ணப்பமாகப் போடுங்கள். அதற்கு மருத்துவமனைச் சான்று, மொழிபெயர்ப்புடன்.

பல்கலைக்கழகத்திலிருந்து உங்கள் பெயரை நீக்கும் கடிதம் தனியாக வந்தால் அதையும் தனியாகவே ஆட்சேபிக்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குச் செல்லாது. உங்கள் வசிப்பு அனுமதி படிப்போடு கட்டப்பட்டது. அதனால் வெளிநாட்டினர் அலுவலகம் கேட்டால் ஆட்சேபத்தின் நகலைக் காட்டுங்கள். காசில்லை என்று வக்கீலைத் தவிர்க்க வேண்டாம்: மாணவர் அமைப்புகள் பலவற்றில் இலவச ஆலோசனை உண்டு, வருமானம் குறைவென்றால், பெரும்பாலான மாநிலங்களில் உள்ளூர் நீதிமன்றம் தரும் உதவிச் சான்றோடு போனால் முதல் கட்டத்துக்கு வக்கீல் உங்களிடம் 15 யூரோதான் கேட்க முடியும்.