டீபக் என்று வைத்தும் லாக் விழவில்லையா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையின் எடை மேடைக்குப் பைத்தானில் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். லாக் செய்திகளை ஃபைலில் எழுதும் ஃபைல் ஹேண்ட்லரில், லெவலை (எந்த அளவுக்கு மேலான செய்தி பதிவாக வேண்டும் என்பதை) டீபக் என்று வைத்திருக்கிறேன். ஆனாலும் லாக் ஃபைலில் வார்னிங்கும் எரரும்தான் விழுகின்றன. ஏன்? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: ஹேண்ட்லரில் கோளாறு இல்லை. செய்தி அது வரைக்கும் வந்து சேரவே இல்லை.

பைத்தானில் லெவல் என்பது வெறும் எண்தான்: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிகல் 50. உங்கள் நிரல் செய்தியைக் கொடுக்கும் இடமான லாகர் முதலில் இந்த எண்ணைப் பார்க்கும், அப்புறம் ஹேண்ட்லர். தன் லெவலுக்குக் குறைவான எண் வந்தால் செய்தியை அங்கேயே விட்டுவிடும். கன்னடியன் கால்வாயின் தலைமதகு அடைத்திருக்கும்போது வயல் மடையைத் திறந்துவைத்து என்ன பிரயோஜனம்? உங்கள் லாகருக்கு நீங்கள் லெவல் எதுவும் கொடுக்கவில்லை. அதனால் அது எல்லா லாகருக்கும் மேலே இருக்கும் ரூட் லாகரின் லெவலை எடுத்துக்கொள்கிறது. நாம் மாற்றாத வரை ரூட்டின் லெவல் வார்னிங், அதாவது 30.

அதற்காக ரூட்டையே டீபக் ஆக்கிவிடாதீர்கள். நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் சேர்த்திருக்கும் மற்ற லைப்ரரிகளின் டீபக் வரிகளும் சேர்ந்து கொட்டும். ரூட் வார்னிங்கிலேயே இருக்கட்டும், ஹேண்ட்லரை அதில் மாட்டுங்கள், ‘எடை’ என்று பெயர் வைத்த உங்கள் லாகருக்கு மட்டும் டீபக் கொடுங்கள். அதன் செய்தி ரூட்டின் ஹேண்ட்லருக்குப் போகும்போது ரூட் லாகரின் லெவல் குறுக்கே வராது. ஹேண்ட்லரின் லெவல் மட்டும்தான் பார்க்கப்படும்.

தராசிலிருந்து நொடிக்கு நொடி வரும் எடை டீபக். பில் சேமித்தது இன்ஃபோ. தராசு பதில் சொல்லாமல் மறுபடி கேட்க நேர்ந்தால் வார்னிங். பில் பதிவாகவில்லை என்றால் எரர். பிசான அறுவடையில் வண்டிகள் வரிசை கட்டும்போது டீபக் ஃபைல் ஊதிவிடும். ஃபைல் நிரம்பியதும் புதிய ஃபைலுக்கு மாறும் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர் போட்டு, ஒரு ஃபைலுக்கு 5 எம்பி, பழைய ஃபைல் 5 என்று இரண்டு எண்ணையும் கொடுங்கள். ஒன்றைப் பூஜ்ஜியமாக விட்டாலும் ஃபைல் சுழலாது.

மாற்றியபின் உங்கள் லாகருக்கு உண்மையில் அமலாகும் லெவலைச் சொல்லும் கெட்எஃபெக்டிவ்லெவலை (getEffectiveLevel) பிரிண்ட் செய்து பாருங்கள். 10 வந்தால் சரி. 30 வந்தால் பெயர் எங்கோ பொருந்தவில்லை. மாட்யூல் (நிரல் ஃபைல்) பெயரையே லாகருக்கு வைக்கும் பழக்கம் இருந்தால், நேரடியாக ஓட்டும் ஃபைலில் அந்தப் பெயர் ‘மெயின்’ (__main__) என்று மாறிவிடும். முதலில் அங்கே தேடுங்கள்.