ஏற்றுமதியிலிருந்து முதலீட்டுக்கு: நேர்காணலுக்கு முன் ஒரு வார்த்தை

வணக்கம். பதினான்கு வருடம் ஏற்றுமதி மேம்பாட்டில் இருந்துவிட்டு, இப்போது வெளிநாட்டு நிறுவனங்களை இங்கே முதலீடு செய்ய அழைத்துவரும் முதலீட்டு ஈர்ப்பு முகமையின் தலைமைப் பதவிக்கு இறுதி நேர்காணல், "முதலீட்டு அனுபவம் இல்லையே" என்று தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் பாதிதான் நியாயம்.

அயர்லாந்தின் ஐடிஏ, சிங்கப்பூரின் ஈடிபி மாதிரி முதலீட்டுக்கென்றே தனி முகமை வைத்திருக்கும் நாடுகள் உண்டு. ஜப்பானின் வர்த்தக அமைப்பான ஜெட்ரோவோ 1958இல் ஏற்றுமதிக்காகத் தொடங்கி, பிறகு அந்நிய முதலீட்டையும் கையில் எடுத்தது. ஆக, நீங்கள் போகும் பாதை புதிதல்ல.

ஆனால் வேலையின் தாளம் வேறு. ஏற்றுமதியில், வர்த்தகக் கண்காட்சி முடிந்த சில மாதங்களில் ஆர்டர் கைக்கு வந்துவிடும். முதலீட்டிலோ, ஒரு ஆலை வர வருடங்கள் ஆகும். அதுவரை மின்சாரம், நிலம், ஆள் பயிற்சி என்று பல துறைகளின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 1996இல் கணினிச் சில்லு நிறுவனமான இன்டெல் தன் ஆலைக்கு மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவைத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே தொழில்நுட்பக் கல்விப் பாடத்திட்டம் வரை அதற்கேற்ப மாற்றினார்கள். 2014இல் அதே நிறுவனம் அங்கிருந்த உற்பத்தியை மூடுவதாகச் சொன்னது. வந்தவரைத் தக்கவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்நாட்டவருக்கு அப்போது புரிந்திருக்கும்.

நேர்காணலில் ஒப்பந்தத் தொகைகளை அடுக்காதீர்கள். கையெழுத்தானதற்கும் உண்மையில் வந்த பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிக் கணக்கு வைப்பீர்கள் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். அப்புறம், பழைய ஏற்றுமதியாளர் ஒருவருடைய சுங்கச் சிக்கலைத் தீர்த்த கதை ஏதாவது இருக்குமே? அதையும் சொல்லுங்கள். வந்த முதலீட்டாளரைத் தக்கவைக்கவும் அதே திறமைதான் வேண்டும்.