ஜெபம் செய்தும் மனதில் சமாதானம் வராதது ஏன்?

ஜெபித்த பிறகும் மனம் அலைகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பிரச்சினை தீர்ந்தால்தான் சமாதானம் வரும் என்று நினைக்கிறோம். அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி நகரத்துச் சபைக்குக் கடிதம் எழுதியதோ காவலில் இருந்தபோது. கவலைப்படாதீர்கள் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் நன்றியோடு தேவனிடம் சொல்லுங்கள் என்கிறார் (பிலிப்பியர் 4:6). அதனால் பொத்தாம்பொதுவாக ஜெபிக்காதீர்கள். எதற்குப் பயம், யார் மேல் கோபம் என்று அப்படியே கொட்டுங்கள். அழுகை வந்தால் வரட்டும். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது, ஆறே வசனங்களில் பாட்டாக முடிகிறது. எனக்கு மிகவும் நெருக்கமான சங்கீதம் அது. அப்புறம், இன்னும் மன்னிக்க முடியாத ஒருவர் இருந்தால் அவரையும் ஜெபத்தில் கொண்டுவாருங்கள், நாளாகும், பரவாயில்லை. தூக்கமில்லாமல் பதற்றம் நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.